அலமாரியில் இருக்கும் நூல் தேடலில் ஏன் கிடைப்பதில்லை?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு கோயில் மண்டபத்து மாடி. அங்கே ஒரு சிறிய நூல்நிலையம், மூவாயிரம் நூல்கள், முகப்பில் ஒரு கணினி என்று வைத்துக்கொள்வோம். இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி வந்து தேடல் பெட்டியில் 'சிறுகதை' என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் தட்டுகிறாள்: எஸ், ஐ, ஆர், யூ, கே, ஏ, டி, ஹெச், ஏ, ஐ. எதுவும் கிடைக்கவில்லை என்கிறது திரை. அவள் நிற்கும் இடத்திலிருந்து நாலடி தள்ளி இரண்டு தட்டு நிறையச் சிறுகதைத் தொகுப்புகள். பணியாளர் எழுந்து கைகாட்டினால் நூல் கிடைத்துவிடும். அதே தேடலை அவள் வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் செய்திருந்தால்? அங்கே தமிழ்ச் சிறுகதையே இல்லை என்று முடிவுகட்டியிருப்பாள். பிறகு அந்தப் படியேறி வந்திருக்கவே மாட்டாள்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ்ப்பள்ளி வள மையங்கள், கோயில் நூல்நிலையங்கள், வாசகர் வட்டங்கள் எனப் பல இடங்களில் நூல்பட்டியலை இயங்கலைக்குக் கொண்டுவரும் ஆர்வம் இருக்கிறது. பேச்சு தொடங்கியதும் எழும் முதல் கேள்வி, "எந்த மென்பொருள் நல்லது?" அதை இரண்டாவதாகக் கேட்கலாம். வாசகர் என்ன சொல்லைத் தட்டுவார், அந்தச் சொல் நம் பதிவில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தேடல் பெட்டி அலமாரியைப் பார்ப்பதில்லை. நூலைத் திறந்து படிப்பதும் இல்லை. யாரோ ஒருவர் தட்டி வைத்த நாலைந்து வரிகளோடு வாசகர் தட்டியதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. பொருந்தினால் காட்டும், இல்லையென்றால் இல்லை. அந்த நாலைந்து வரிக்குத்தான் பட்டியல் பதிவு என்று பெயர்.

ஒரே சொல், இரண்டு வேடம்

மாணவியின் தேடல் ஏன் தோற்றது? பெரிய நூலகங்கள் பலவும் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பதியும்போது அமெரிக்க நூலகச் சங்கமும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் சேர்ந்து வகுத்த எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பின்பற்றுகின்றன. அதில் ஒலிக்கு இடமில்லை, எழுத்துக்குத்தான் இடம். 'ச' எங்கே வந்தாலும் 'சி' என்ற ஆங்கில எழுத்து. 'க' எங்கே வந்தாலும் 'கே'. 'த' எங்கே வந்தாலும் வெறும் 'டி', பக்கத்தில் 'ஹெச்' கிடையாது. மாணவி தேடிய பட்டியலும் அதே முறையில் பதிந்தது என்றால் 'சிறுகதை' அங்கே சி, ஐ, ஆர், யூ, கே, ஏ, டி, ஏ, ஐ என்று பதிவாகும். 'சங்கம்' என்றால் சி, ஏ, என், கே, ஏ, எம். நம் ஊரில் யாரும் சங்கத்தை அப்படி எழுதமாட்டார்கள். பெயர்ப்பலகை முதல் புலனக் (வாட்ஸ்அப்) குழுவின் பெயர் வரை எஸ்ஸில் தொடங்கி நடுவில் ஜி போட்டுத்தான் எழுதுகிறோம்.

அந்த முறையைக் குறை சொல்ல முடியாது. ரோமனில் இருப்பதைப் பிழையில்லாமல் மறுபடி தமிழுக்குத் திருப்ப வேண்டும் என்பதற்காக வகுத்தது அது. 'ழ'வுக்கு 'எல்' எழுத்தின் கீழே ஒரு கோடு, 'ள'வுக்குக் கீழே ஒரு புள்ளி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான தேடல் மென்பொருள்கள் அந்தக் கோட்டையும் புள்ளியையும் கண்டுகொள்வதில்லை. அதனால் 'தமிழ்' என்பதை எல்லில் முடித்துத் தேடினால் கிடைக்கும். இசட், ஹெச் போட்டுத் தேடினால் கிடைக்காது.

இதிலிருந்து இரண்டு பழக்கங்களைப் பிடித்துக்கொள்ளலாம். வெளி நூலகங்களில் தேடும்போது அவர்கள் முறையில் தட்ட வேண்டும். ச-வுக்கு சி, த-வுக்கு டி. நம் பட்டியலை நாமே கட்டும்போது தமிழ் எழுத்திலும் இருக்க வேண்டும், நம் வாசகர் தட்டுகிற ரோமன் எழுத்திலும் இருக்க வேண்டும். நூலகங்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் மார்க் 21 என்ற வடிவத்தில் இதற்கென்றே ஓர் இடம் உண்டு. 245-ஆம் புலத்தில் (எண்ணிட்ட விவரக் கட்டத்தில்) தலைப்பு ரோமனில் இருந்தால் 880-ஆம் புலத்தில் அதையே தமிழ் எழுத்தில் எழுதி இரண்டையும் இணைக்கலாம். தலைப்பின் மாற்று வடிவங்களுக்கு 246 இருக்கிறது. மார்க் பக்கமே போகாமல் எக்செல் போன்ற விரிதாளில் வேலை செய்பவர்கள் இரண்டு பத்தி (நெடுவரிசை) வைத்துக்கொண்டால் போதும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

தமிழ் எழுத்திலேயே பதிந்துவிட்டோம், இனிச் சிக்கல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கௌரி, கெளரி என்ற இரண்டையும் பாருங்கள். முதலாவதில் 'க'வோடு ஔகாரக் குறி சேர்ந்திருக்கிறது. இரண்டாவதில் 'கெ' என்று எழுதி, பக்கத்தில் 'ள' என்ற தனி எழுத்தைத் தட்டியிருக்கிறது. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கணினிக்கோ இவை இரண்டு வேறு சொற்கள். ஔவை, ஒளவை கதையும் இதுதான். பள்ளி நூல்நிலையத்தில் ஔவையார் நூலைத் தேடாத ஆண்டு உண்டா? பாதிப் பதிவு ஒரு வடிவத்திலும் மீதி மறு வடிவத்திலும் இருந்தால் எந்தத் தேடலும் பாதியைத்தான் காட்டும்.

திருத்தும்போது கவனம் வேண்டும். 'ஒள' என்று வரும் இடமெல்லாம் 'ஔ' ஆக்கு என்று ஒட்டுமொத்தமாக மாற்றினால் ஒளி, ஒளிப்படம் எல்லாம் சிதைந்துவிடும். 'கெள'வை மாற்றப்போனால் கெளுத்தி மீன் அடிபடும். ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, பார்த்து, மாற்றுங்கள். மூவாயிரம் நூலில் இப்படிப்பட்டவை சில டஜன்தான் இருக்கும்.

இன்னொரு பழைய சுமை எழுத்துரு. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான ஒருங்குறி (யூனிகோடு) பரவலாவதற்கு முன் தட்டச்சு செய்த பட்டியல்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அந்தக் கோப்பில் 'தமிழ்' என்று தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகள்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேடம் கலைந்து அந்த ஐந்து குறிகளும் அப்படியே தெரியும். தேடுபொறிக்கும் அப்படித்தான் தெரியும். என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் இட்டு ஒருங்குறிக்கு மாற்றலாம். முழுப் பட்டியலையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். இருபது வரியை மட்டும் மாற்றி, கொ, கோ, கௌ வரும் சொற்களையும் எண்களையும் அடைப்புக்குறிகளையும் சரிபாருங்கள். ஒரே கோப்பில் இரண்டு எழுத்துரு கலந்திருந்தால் நடுவில் சில வரிகள் குப்பையாக வரும். அந்த வரிகளுக்கு வேறு எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துத் தனியாக மாற்ற வேண்டும்.

புதிதாகத் தட்டச்சு செய்பவர்களுக்குக் கவலை குறைவு. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், செல்லினம் தொடங்கி இன்றைய கைப்பேசி விசைப்பலகைகள் வரை எல்லாமே ஒருங்குறியில் எழுதுகின்றன. தமிழ்99, அஞ்சல் என எந்த விசைமுறையில் தட்டினாலும் கிடைக்கும் எழுத்து ஒன்றே.

ஒற்றும் இடைவெளியும் அடுத்த தொல்லை. தமிழ்ப்பள்ளி, தமிழ்ப் பள்ளி, தமிழ் பள்ளி. மூன்றும் நம் ஆண்டு மலர்களில் இருக்கின்றன. ராமசாமி, இராமசாமி. ராஜா, இராசா. ஊர்ப்பெயர்களைச் சொல்லி மாளாது: பினாங்கு, பினாங், புலாவ் பினாங், கிள்ளான், கிளாங், மலாயா, மலேயா, மலேசியா. எது சரி என்ற வாதத்தை இலக்கணக் கூட்டத்துக்கு விட்டுவிடலாம். நூலின் தலைப்புப் பக்கத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே தலைப்பைப் பதியுங்கள், அதைத் திருத்த நமக்கு உரிமையில்லை. மற்ற வடிவங்களை எல்லாம் 'தேடுசொல்' என்று தனிப் பத்தி வைத்து அதில் கொட்டுங்கள். தேடல் கருவிக்கு எந்த வடிவம் அழகு என்று தெரியாது. ஏதோ ஒன்று பொருந்தினால் சரி.

பெயர்களுக்கு மட்டும் கொஞ்சம் கட்டுப்பாடு தேவை. முருகையா என்ற எழுத்தாளர் ஒரு நூலில் 'சு. முருகையா', மற்றதில் 'எஸ். முருகையா', மூன்றாவதில் 'முருகையா த/பெ சுப்பையா' என்று அச்சாகியிருக்கலாம். இவை மூன்று பேர் அல்ல. ஒரே வடிவத்தைத் தேர்ந்து 'ஆசிரியர் நிலைப்பெயர்' என்ற பத்தியில் மூன்று நூலுக்கும் அதையே எழுதினால் வாசகருக்கு அவருடைய எல்லா நூலும் ஓரிடத்தில் சேரும். அச்சிலுள்ள பெயரை வேறு பத்தியில் அப்படியே வையுங்கள். புனைபெயர் இருந்தால் தேடுசொல்லில் சேருங்கள். உலக நூலகங்கள் ஓர் ஆசிரியரை எந்தெந்த வடிவங்களில் பதிந்திருக்கின்றன என்று பார்க்க வயஃப் என்ற இலவச இணையதளம் உதவும். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் பலர் அதில் இருக்கமாட்டார்கள். அவர்களுக்கு நிலைப்பெயரை முடிவு செய்யும் முதல் ஆள் நீங்களாகவே இருக்கலாம். அதனால் கவனமாகச் செய்யுங்கள்.

ஒரு நூலைப் பதிந்து பார்ப்போம்

கருவி என்று பார்த்தால் தொடக்கத்துக்குக் கூகள் விரிதாள் போதும். முதல் வரியில் பத்திகளின் பெயர்: பதிவு எண், தலைப்பு அச்சிலுள்ளபடி, தலைப்பு ரோமனில், ஆசிரியர் அச்சிலுள்ளபடி, ஆசிரியர் நிலைப்பெயர், பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம், ஐ.எஸ்.பி.என். (நூலின் பன்னாட்டு எண்), வகை எண், அலமாரி, உள்ளடக்கம், தேடுசொல், நிலை. பதிப்பகத்தையும் ஊரையும் ஆண்டையும் ஒரே கட்டத்தில் அடைக்காதீர்கள். பின்னாளில் பெரிய மென்பொருளுக்கு மாறும்போது ஒவ்வொன்றும் தனி இடத்துக்குப் போக வேண்டும். பள்ளிகளின் நீலாம் வாசிப்புத் திட்டப் பதிவுக்காக மாணவர்கள் நூல் விவரம் கேட்டு வரும்போதும் இது அப்படியே கைகொடுக்கும்.

தட்டத் தொடங்கும் முன் பதிவு எண், ஐ.எஸ்.பி.என். ஆகிய இரண்டு பத்திகளையும் தேர்ந்து அவற்றின் வடிவத்தை வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இதை மறந்தால் 00125 என்ற பதிவு எண் 125 ஆகிவிடும். 13 இலக்க ஐ.எஸ்.பி.என்.னை எக்செல் ஒரு பெரிய எண்ணாக நினைத்து 9.78 என்று தொடங்கும் அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும். பார்கோடு வருடியால் ஐந்நூறு நூலை வருடி முடித்த பிறகு இதைக் கவனித்தால் மனம் உடைந்துபோகும்.

ஐ.எஸ்.பி.என். பற்றிக் கொஞ்சம். 2007 ஜனவரி முதல் அது 13 இலக்கம், அதற்கு முன் 10. மலேசிய நூல்களில் 978-க்குப் பின் 967, 983 அல்லது 629 என்ற எண்ணைப் பார்க்கலாம். இந்திய நூல்களில் 81 அல்லது 93. பத்து இலக்க எண்ணின் கடைசியில் 'எக்ஸ்' இருந்தால் அது அச்சுப்பிழை இல்லை, பத்து என்ற மதிப்பு. 13 இலக்கத்தைக் கையால் தட்டினால் இப்படிச் சரிபார்க்கலாம்: இலக்கங்களை இடமிருந்து வரிசையாக 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் விடை பத்தின் மடங்காக வர வேண்டும். வரவில்லையென்றால் ஏதோ ஓர் இலக்கம் தவறு.

ஐ.எஸ்.பி.என். இருந்தால் விவரம் தானே வந்து விழும் என்று சில செயலிகள் சொல்லும். ஆங்கில, மலாய் நூல்களுக்குப் பெரும்பாலும் விழும். தமிழ் நூல்களுக்குப் பாதி நேரம் விழாது. விழுந்தாலும் நான்கு விதமான ரோமன் எழுத்தில் வரும். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், எழுத்தாளரே அச்சிட்ட பழைய கவிதைத் தொகுப்பு இவற்றுக்கு எண்ணே இருக்காது. நம் நூல்நிலையங்களில் மதிப்பு மிகுந்தவையும் இவைதான், வேறெங்கும் கிடைக்காதவை. கையால் பதியும் நேரத்தை இவற்றுக்கு ஒதுக்குங்கள்.

1978-இல் வெளிவந்த ஒரு தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரை எடுத்துக்கொள்வோம். அட்டையைப் பார்த்து எழுதாமல் தலைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். அட்டையில் சுருக்கமாகவும் உள்ளே முழுமையாகவும் தலைப்பு இருப்பது வழக்கம். ஆசிரியர் இடத்தில் மலர்க்குழுவின் பெயர். பதிப்பகம் பள்ளி. பிறகு உள்ளடக்கம், இங்கேதான் நேரம் செலவிடத் தகும். மலரில் பள்ளியின் வரலாற்றுக் கட்டுரை, தோட்டத்து மேலாளர் வாழ்த்து, முன்னாள் தலைமையாசிரியர்களின் பட்டியல் இருக்கலாம். இருபது ஆண்டு கழித்து ஒருவர் தேடி வருவது தன் தாத்தா பெயரை. மலரின் தலைப்பு அவருக்கு நினைவிருக்காது. கட்டுரைத் தலைப்புகளையும் முக்கியப் பெயர்களையும் உள்ளடக்கப் பத்தியில் எழுதினால் அவர் கையில் அந்த மலர் கிடைக்கும். சிறுகதைத் தொகுப்புகளுக்கும் இதே வழிதான். வாசகருக்குக் கதையின் பெயர் நினைவிருக்கும், தொகுப்பின் பெயர் இருக்காது.

உள்ளடக்கத்தைத் தட்ட அலுப்பாக இருந்தால் அந்தப் பக்கத்தை நேராக, நிழல் விழாமல் படமெடுத்து, கூகள் டிரைவில் ஏற்றி, கூகள் டாக்ஸில் திறவுங்கள். படத்திலுள்ள தமிழ் எழுத்துகள் உரையாக மாறி வரும். படம் 2 எம்.பி.க்குள் இருப்பது நல்லது. காலுக்கும் 'ர'வுக்கும் குழப்பம் வரும். தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, றா போன்றவை பழைய வடிவில் இருப்பதால் அங்கே பிழை கூடும். ஒப்பிட்டுத் திருத்தாமல் ஒட்டிவிடாதீர்கள்.

வகை எண்ணில், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் டூயி முறையைப் பின்பற்றினால் தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. நம் நூல்நிலையங்களில் முக்கால்வாசி நூலுக்கு 894.811 என்ற ஒரே எண் வந்துவிடும், அலமாரியில் ஒன்றும் பிரியாது. அதனால் கடைசியில் ஓர் இலக்கம் சேருங்கள்: 1 கவிதை, 2 நாடகம், 3 புனைகதை, 4 கட்டுரை. 894.8113 என்றால் தமிழ்ப் புனைகதை. அதன் கீழே ஆசிரியர் நிலைப்பெயரின் முதல் மூன்று எழுத்து. மலேசியத் தமிழ் எழுத்தாளர் நூல்களுக்கு முதுகில் ஒரு வண்ண ஒட்டியும் இடலாம். "நம்ம நாட்டு எழுத்தாளர் புத்தகம் எங்கே?" என்று கேட்பவர்கள் நிறைய, டூயி எண்ணில் அதற்கு வழியில்லை.

இப்படி ஒரு நூலுக்கு ஐந்து நிமிடம் என்று கணக்கு வையுங்கள். மூவாயிரம் நூலுக்கு 250 மணி நேரம். இரண்டு பேர் வாரத்துக்கு ஆளுக்கு நாலு மணி நேரம் செய்தால் எட்டு மாதத்துக்குள் முடியும். முதலில் அடிக்கடி இரவல் போகும் நூல்களையும் மலேசியப் பதிப்புகளையும் பதியுங்கள். அலமாரி ஒன்றிலிருந்து வரிசையாகத் தொடங்கினால் பாதியில் நிற்கும்போது கையில் கலைக்களஞ்சியங்கள் மட்டுமே இருக்கும்.

வாசகர் கைக்குப் போகும் வழி

விரிதாளைப் பார்வைக்கு மட்டும் என்று பகிர்ந்து, அந்த இணைப்பைக் கியூஆர் குறியாக்கி வாசலில் ஒட்டலாம், புலனத்தில் அனுப்பலாம். உள்ளேயுள்ள 'கண்டுபிடி' வசதி சொல்லின் நடுவிலும் பொருத்தம் பார்ப்பதால் 'பள்ளி' என்று தேடினால் 'தமிழ்ப்பள்ளி'யும் கிடைக்கும். நம் மொழிக்கு இது பெரிய உதவி.

உறுப்பினர் பட்டியலையும் இரவல் கணக்கையும் அதே கோப்பின் இன்னொரு தாளில் வைத்து, அந்தத் தாளை மறைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பார்வையாளர் அந்தக் கோப்பைத் தனக்கொரு நகலெடுத்து மறைத்த தாளைத் திறந்துவிட முடியும். உறுப்பினர் விவரம் வேறு கோப்பில், பகிராமல் இருக்க வேண்டும். பெயர், கைப்பேசி எண் போதும். அடையாள அட்டை எண்ணை வாங்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இரவல் தர அது தேவையே இல்லை. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களைக் குறித்தது என்றாலும், தேவைக்கு மேல் தரவு வாங்காதே என்ற அதன் நெறி நமக்கும் பொருந்தும். யார் என்ன நூல் எடுத்தார் என்பது அவருக்கும் நூல்நிலையத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய செய்தி. தாமதமானவர்களின் பெயரைப் புலனக் குழுவில் போடுவது முறையில்லை, தனிச்செய்தி அனுப்புங்கள்.

மாதம் ஒருமுறை கோப்பைக் கணினியில் இறக்கி வையுங்கள். சி.எஸ்.வி. வடிவில் இறக்கியதை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் எல்லாம் புரியாத குறிகளாகத் தெரியலாம். கோப்பு கெடவில்லை, பதறாதீர்கள். எக்செல்லின் தரவு இறக்குமதி வழியாக உள்ளே கொண்டுவந்து, எழுத்துக் குறியாக்கத்தில் யூ.டி.எஃப்-8, அதாவது 65001 என்பதைத் தேர்ந்தால் தமிழ் திரும்பிவிடும். குப்பையாகத் தெரியும்போதே சேமித்துவிட்டால்தான் உண்மையில் கெட்டுப்போகும்.

நூல் பெருகி, மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் இரவல் பதியும் நிலை வந்தால் விரிதாள் தாங்காது. இருபதாயிரம் நூலுக்குள் என்றால் டைனிகேட் என்ற இயங்கலைப் பட்டியல் உண்டு. அமைப்புகள் கட்டணம் கட்ட வேண்டும். முழு நூலக மென்பொருள் வேண்டுமென்றால் கோஹா. நியூசிலாந்தில் 1999-இல் எழுதத் தொடங்கி 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த திறமூல மென்பொருள் அது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. மென்பொருளுக்கு விலையில்லை. லினக்ஸ் சேவையகம், அன்றாடக் காப்புப்படி, மேம்படுத்தத் தெரிந்த ஓர் ஆள் இவற்றுக்குச் செலவுண்டு. ஆள் இல்லாமல் கோஹாவை நிறுவுவதை விட ஒழுங்கான விரிதாளோடு இருப்பதே மேல்.

நிறுவுபவரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: தேடல் அட்டவணைக்கு ஐ.சி.யூ. முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயல்பாக வரும் முறை ரோமன் எழுத்தை மனத்தில் வைத்தது, தமிழ்ச் சொற்களைச் சரியாகப் பிரிக்காது. பின்னால் மாற்றலாம், ஆனால் அட்டவணையை முழுக்க மறுபடி கட்ட வேண்டியிருக்கும். இன்னொன்று, கோஹா சொல்லின் தொடக்கத்திலிருந்துதான் பொருத்தம் பார்க்கும். 'பள்ளி' என்று தேடினால் சேர்த்தெழுதிய 'தமிழ்ப்பள்ளி' வராது. தேடுசொல் பத்தியின் அருமை அங்கே தெரியும். விரிதாளை மார்க் வடிவுக்கு மாற்ற மார்க்எடிட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மொழிக்குறியீட்டில் தமிழுக்கு 'டி, ஏ, எம்' என்ற மூன்றெழுத்து இடுங்கள். அது இல்லாவிட்டால் 'தமிழ் நூல்கள் மட்டும்' என்ற வடிகட்டி வேலை செய்யாது.

நம்மிடம் இல்லாததைக் கேட்டால்

"இல்லை" என்று சொல்லும் முன் ஐந்து நிமிடம் தேடிப் பார்க்கலாம். மலேசியாவில் வெளியான தமிழ் நூல் என்றால் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய நூலகத்தின் பட்டியல் முதலிடம். 1986-ஆம் ஆண்டு நூலக ஆவண ஒப்படைப்புச் சட்டப்படி இங்கே வெளியாகும் நூல்களின் படிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். தலைப்பு ரோமனில் இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்.

பழந்தமிழ் இலக்கியம் கேட்டால் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. ஒருங்குறியில் இருப்பதால் ஒரு சொல்லைக்கூடத் தேடலாம். பழைய அச்சு நூல்களுக்கும் நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஈழத்து நூல், இதழ் என்றால் நூலகம் திட்டம். அரிய சொல்லின் பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தமிழ் எழுத்திலேயே தேடலாம்.

குடும்ப வரலாறு தேடி வருபவர்கள் பினாங்கில் அதிகம். சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இயங்கலைச் செய்தித்தாள் தொகுப்பில் தமிழ் முரசும் பினாங்கின் பழைய ஆங்கிலச் செய்தித்தாள்களும் இருக்கின்றன. பழைய தமிழ் அச்சில் சொல் தேடல் பெரும்பாலும் ஏமாற்றும். தேதி தெரிந்தால் அந்த நாளின் இதழைத் திறந்து கண்ணால் பாருங்கள். ஆங்கில இதழ்களில் ஒரே பெயரில் 'ஒய்' எழுத்தையும் 'ஐ' எழுத்தையும் மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். ராமசாமி என்றால் குறைந்தது நாலு வடிவத்தில் தேட வேண்டும்.

பக்கங்களைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் வாழ்நாளும் அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 50 ஆண்டும் உரிமை நீடிக்கும். 1974-இல் இறந்தவர் என்றால் 2024 முடியும் வரை. ஆகவே உயிரோடிருக்கும் எழுத்தாளரின் முழு நூலைப் படக்கோப்பாக்கிக் குழுவில் விடுவது தவறு. சொந்தக் காசில் அச்சிட்டு விற்கும் நம் எழுத்தாளருக்கு நேரடி இழப்பும்கூட. நூல் எங்கே விலைக்குக் கிடைக்கும் என்று சொல்லுங்கள், அல்லது இரவலுக்கு எடுத்துவையுங்கள்.

மூத்த வாசகர்கள் தட்டமாட்டார்கள், குரல்செய்தி அனுப்புவார்கள். "ஐயா, அந்தச் சயாம் ரயில் பத்தி ஒரு புத்தகம் இருந்துச்சே" என்று வரும். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். 'சயாம் ரயில்' என்பது அவர் சொல். உங்கள் பதிவில் 'மரண இரயில்' என்றோ 'பர்மா இரயில்பாதை' என்றோ இருக்கலாம். முகப்பில் இதற்கென்றே ஒரு நோட்டு வையுங்கள்: தேதி, வாசகர் கேட்ட சொல், கிடைத்ததா, பிறகு எந்தப் பதிவு எண் என்று தெரிந்தது. வாசகர் பெயர் வேண்டாம். வாரக்கடைசியில் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் தோற்ற தேடல்களை எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் உரிய நூலின் தேடுசொல் கட்டத்தில் சேருங்கள். அந்த மாணவி தட்டிய பத்து ஆங்கில எழுத்தையும் இரண்டு தட்டுச் சிறுகதைத் தொகுப்புகளுக்கும் ஒரே நகல்-ஒட்டலில் இட்டுவிடலாம்.